சுரங்கத்துக்குள் போகாத பருவம்

எங்கள் ஆராய்ச்சி அறையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேடம் எதிலும் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் உட்கார்வார், ஒரு வரி எழுதுவார், எழுந்து ஜன்னல் வரை போவார், போகிற வழியில் மாதிரிகளைக் குளிரில் வைக்கும் உறைபெட்டியின் கதவை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார், திரும்பி வந்து வேறொரு நாற்காலியின் நுனியில் உட்கார்வார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி என்பார்களே, அவருக்கு அந்த வெந்நீர் ஆறவே இல்லை.

அவர் வௌவால்களை ஆராய்கிறவர். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் 'வவ்வால் மேடம்'. நான் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தபோது வீட்டில் அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுகிறவர்.

"படிச்சு முடிச்சாச்சு. இப்ப என்ன வேலை?" என்றார்.

"வவ்வால் எண்ணுறேன்ப்பா."

சாலையைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "எண்ணி?" என்று கேட்டார்.

மேடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

மேடமும் வௌவாலைத் தேடிப் போனவர் இல்லை. படிக்கிற காலத்தில் பறவைகள் மேல்தான் ஆசை. பறவைகளுக்கு ஆள் நிறைய இருந்தது. பூச்சிகளுக்கும் இருந்தது. "மிச்சம் இருக்கிறது இதுதாம்மா" என்று பேராசிரியர் ஒரு துணிப்பையை நீட்டினாராம். உள்ளே ஒரு தீப்பெட்டியின் எடைகூட இல்லாத ஒரு பிராணி. மூக்கின் மேல் லாடம் ஒட்டினாற்போல ஒரு தோல் மடிப்பு. இரண்டு காதுகளையும் இரண்டு திசையில் திருப்பிக்கொண்டிருந்தது.

"ஒரு காது என் பக்கம், இன்னொரு காது ஜன்னல் பக்கம். சரி, இதுவும் நம்மள மாதிரி ஒரு இடத்துல நிலைச்சு நிக்காத ஜென்மம்னு நினைச்சேன்" என்பார். அப்படி நினைத்தது தப்பு என்பதையும் கூடவே சொல்வார். இரண்டு காதும் இரண்டு வேலையைக் கவனமாகச் செய்துகொண்டிருந்தன. கவனம் இல்லாமல் இருந்தது பையைப் பிடித்திருந்த கைதான்.

அந்த லாட வௌவால்களின் பெரிய குடியிருப்பு நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய நீர்ச் சுரங்கத்தில் இருக்கிறது. குன்றைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோக வெட்டியது. பெரிய குழாய்கள் வந்த பிறகு அதை யாரும் சீந்தவில்லை. வெயில் காலம் தொடங்கும்போது பெண் வௌவால்கள் அங்கே வந்து கூடும். ஆளுக்கொரு குட்டி போட்டு, அது பறக்கப் பழகும்வரை அங்கேயே இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. ஆயுசு கெட்டி, இருபது வருஷத்தைத் தாண்டி வாழ்கிறவையும் உண்டு. மேடம் முதன்முதலில் உள்ளே போனபோது கூரையின் கல்லே கண்ணில் படவில்லையாம், அத்தனை அடர்த்தி. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பகலில் உள்ளே போய், மங்கலான சிவப்பு விளக்கில், கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணினார். பட்டம், வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வந்தன. "கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் இவ சுரங்கத்துல இருப்பா. பேச்சே சலிச்சுப்போய் நின்னுடுச்சு" என்று அவருடைய அக்கா சொல்வார்.

அக்காவின் வீடு சுரங்கத்தில் போய் முட்டுகிற தெருவில்தான், கடைசிக்கு முந்தின வீடு. கீழே அக்காவின் தையல் கூடம். மாடியில் மேடத்தின் அறை. மாடித் தாழ்வாரத்தில் நின்றால் சுரங்கத்தின் வாயும் அதன் இரும்புக் கதவும் நேராகத் தெரியும்.

பல வருஷம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்த எண்ணிக்கை, ஒரு வருஷத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. அந்த வருஷம்தான் அந்தத் தெருவில் வெள்ளை வெளிச்சம் தரும் புது விளக்குக் கம்பங்களை நட்டிருந்தார்கள். இந்த வகை வௌவாலுக்கு வெளிச்சம் ஆகாது. மேடம் இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரை நல்ல பேர் வாங்கியது. முகம் தெரியாத நகரங்களில் முகம் தெரியாதவர்கள் அதைக் காட்டித் தெருக்களை இருட்டாக்கினார்கள். மேடமும் தெருவிளக்கு இன்ஜினியரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, குட்டி போடும் பருவத்தில் மட்டும் அந்தத் தெருவின் விளக்குகளை அணைக்கச் சம்மதம் வாங்கினார்.

இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் கறார். "ரெண்டு பருவம் தர்றேன் மேடம். எண்ணிக்கை ஏறுச்சுன்னா இப்படியே வெச்சுக்கலாம். ஏறலைன்னா, தெருக்காரங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாராம்.

முதல் பருவம் முடிந்தது. எண்ணிக்கை ஏறவில்லை, இன்னும் இறங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாவது பருவத்தின் தொடக்கத்தில். தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அக்கா, இருட்டில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும் அப்போதுதான்.

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது அக்கா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. புதுசா மாட்டிக்கிட்ட பொண்ணு நீதானா? உக்காரு. வவ்வால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்குறேன்னு சொல்லுமாம். இது மனுஷங்க வீடு, உக்காரலாம். இவதான் உக்கார மாட்டா."

"கை வலிக்குதாக்கா?" என்று மேடம் நின்றபடியே கேட்டார்.

"வலிக்கல, பாட்டுப் பாடுது. ஏண்டி, வவ்வாலுக்குக் கண்ணு தெரியாதுன்னு ஊரே சொல்லுது. கண்ணு தெரியாததுக்கு விளக்கு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன?"

"அதுக்குக் கண்ணு தெரியும்க்கா. எத்தனை தடவை சொல்றது?"

"அதுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. அதான் விழுந்தேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மேடம் துணி வெட்டும் மேசையில் கிடந்த பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பருவம் முடியட்டும்க்கா. ஏறிடும்."

"ஏறலைன்னா?"

மேடம் பொத்தான்களை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஏறினார். அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா? அவகிட்ட பதில் இல்லைன்னா காலு பதில் சொல்லும்" என்றார்.

எண்ணிக்கை இறங்க இறங்க மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை எண்ணியவர் வாரம் ஒருமுறை போனார். சில வாரம் இரண்டு முறை. "கூரையோட கோடியில ஒரு வளைவு இருக்கு, அங்க ஒதுங்கியிருக்கும், போன தடவை சரியாப் பாக்கல" என்பார். நானும் கூடப் போனேன். அவருடைய ஜாக்கிரதை எனக்கு மலைப்பாக இருந்தது. அடியில் ரப்பர் வைத்த காலணி. சலசலக்காத பருத்தி உடை. உள்ளே பேச்சு கிடையாது, கை ஜாடைதான். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும்.

வாசலில் மட்டும் ஒரு சின்னச் சடங்கு. வௌவால் போடும் சத்தம் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துத் திரையில் கோடுகளாகக் காட்ட ஒரு கைக்கருவி உண்டு. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம்: அதன் முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்குவார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும்போது நமக்குக் கேட்பது லேசான கிணுகிணுப்பு. நமக்குக் கேட்காத பகுதி அதைவிடப் பெரிது. திரையில் கோடுகள் பாய்ந்தால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மேடம் இரும்புக் கதவின் முன்னால் நின்று கொத்தை நன்றாகக் குலுக்கி, "உசுரோட இருக்கு, வா" என்று கிசுகிசுத்துவிட்டுத்தான் பூட்டைத் திறப்பார்.

அந்த வருஷம் குட்டிகள் எத்தனை தேறுகின்றன என்று பார்க்க, வௌவால்கள் வந்து கூடுவதற்கு முன்பே கூரையருகில் இருட்டிலும் படமெடுக்கும் ஒரு கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பொருத்தியிருந்தோம். கம்பி வழியாக அவற்றின் பதிவு வாசலில் இருந்த ஒரு பெட்டிக்கு வந்து சேரும். பருவத்தின் நடுவில் ஒரு காலை அந்தப் பதிவை அறையில் ஓட்டிப் பார்த்தோம். நான் உட்கார்ந்திருந்தேன். மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

திரையில் தாய் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அணைத்த சிறகுகளுக்குள் குட்டிகள். நீண்ட நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு எல்லாக் காதுகளும் ஒரே சமயத்தில் சுரங்க வாயின் பக்கம் திரும்பின.

"நிறுத்து" என்றார் மேடம். "என்ன வந்துச்சு?"

படத்தில் எதுவும் வரவில்லை. ஒலிப்பதிவின் அதே நேரத்துப் பகுதியைத் திறந்தேன். மெல்லிய செங்குத்துக் கோடுகள், மழைச் சாரல் போல, அடுக்கடுக்காக. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் சாவியைக் குலுக்கும்போதெல்லாம் கருவியில் பார்க்கிற கோடுகள்தான்.

மறுபடி ஓட்டினேன். கோடுகள் வந்ததும் காதுகள் திரும்பின. உடனே தாய்கள் குட்டிகளோடு கிளம்பி உள்ளே இன்னும் ஆழமான பகுதிக்குப் பறந்தன. ஒரு குட்டி பிடி நழுவிக் கீழே விழுந்தது. கூரை காலியாகிக்கொண்டே வந்தது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மேடம் பூனை போல அடியெடுத்து வைத்து உள்ளே வந்தார். அண்ணாந்து, வாயசைத்து, மிச்சமிருந்தவற்றை எண்ணினார்.

அறையில் அவர் நடக்கும் சத்தம் நின்றிருந்தது.

"மத்த நாளையும் போடு."

போட்டேன். நாங்கள் போன எல்லா நாளிலும் அதே கதை. போன பிறகு பல நாளைக்கு அந்த இடம் பாதிகூட நிரம்பவில்லை. நிரம்பத் தொடங்கும்போது நாங்கள் மறுபடி போயிருந்தோம்.

மேடம் அலமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். அவருடைய முதல் கருவி வந்த பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் வருஷம் இருந்தது. புது விளக்குகள் நட்ட அதே வருஷம்.

"அதுக்கு முன்னாலயும் நீங்க உள்ள போயிருக்கீங்களே மேடம்" என்றேன். எனக்கு அவரைவிடப் பயமாக இருந்தது. படித்தவர்கள் தப்புப் பண்ண மாட்டார்கள் என்று ஒரு வீடே நம்பித்தான் என்னைப் படிக்க அனுப்பியது.

"போனேன். ஒத்தைச் சாவி. சத்தமில்லாம திறப்பேன். இது வந்தப்புறம்தான் வாசல்ல நின்னு கொட்டடிச்சுட்டு உள்ள போறேன். இருபது வருஷம் வாழுற பிராணி. ஒரு தடவை பயந்ததை மறக்குமா?"

"ஆனா விளக்கும் காரணமா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ரெண்டும் ஒரே வருஷம் வந்துச்சு. நான் ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டுல எது என் கையில இல்லையோ அதை." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா கேட்டா வேலியே பயிரை மேஞ்ச கதைன்னு சொல்லுவா. சொல்லட்டும்."

அந்த வாரமே கட்டுரை வெளியிட்ட இதழுக்கு, சரிவின் காரணம் விளக்குதான் என்று இனி தன்னால் சொல்ல முடியாது என்று எழுதினார். வேறொரு நகரத்திலிருந்து அவருடைய பழைய தோழி தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் எனக்கே கேட்டது. "உன்னை நம்பி நாங்க எத்தனை தெருவை இருட்டாக்கியிருக்கோம் தெரியுமா? இப்ப போய் என்னன்னு சொல்றது?" மேடம் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தபடி, "தெரியலைன்னு சொல்லு. எனக்கும் தெரியலைன்னு சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பருவத்தின் முடிவில் இன்ஜினியரைப் பார்க்கப் போனோம்.

"ஏறுச்சா மேடம்?"

"இறங்கிடுச்சு சார். காரணம் உங்க விளக்கா நானான்னு எனக்கே தெரியல. நானா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்." சாவி விஷயத்தைச் சொன்னார்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உத்தரவு வாங்கத்தான் இங்க வருவாங்க. வாங்கின உத்தரவைத் திருப்பிக் குடுக்க யாரும் வந்ததில்ல. இதுக்கு என்ன நடைமுறைன்னு நான் போய்க் கேக்கணும். சரி, இப்ப என்ன பண்ணலாம்கிறீங்க?"

"அடுத்த பருவம் விளக்கைப் போட்டுடுங்க. நான் உள்ள போக மாட்டேன். விளக்கையும் அணைச்சு, நானும் போகாம இருந்து எண்ணிக்கை ஏறுச்சுன்னா, எதனாலன்னு மறுபடி தெரியாது."

வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "விளக்குதான் காரணமா இருந்து, அடுத்த வருஷம் இன்னும் குறைஞ்சா?"

"அப்ப என் சந்தேகத்தைத் தீத்துக்க ஒரு வருஷக் குட்டிங்களைப் பணயம் வெச்சவ ஆவேன்" என்றார். பேருந்து நிறுத்தத்திலும் நிற்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார்.

அந்தப் பருவம் வந்தது. தெருவில் விளக்குகள் எரிந்தன. மேடம் சுரங்கத்தின் சாவியை அக்காவிடம் கொடுத்து, தான் கேட்டாலும் தரக் கூடாது என்றார். கொடுத்த மறு வாரமே கேட்டாராம். "எங்க வெச்சேன்னு மறந்துடுச்சு" என்று அக்கா சொல்லிவிட்டார்.

சும்மா இருப்பது சுகம் என்பவர்கள் அந்த மாதங்களில் மேடத்தைப் பார்த்திருக்க வேண்டும். உறைபெட்டியைக் காலி செய்து கழுவினார். காலி செய்ய ஒன்றும் இல்லாதபோதும் கழுவினார். பழைய பதிவுகளை மறுபடி கேட்டார். மாலையில் தெருவில் சுரங்கத்துப் பக்கம் பாதி தூரம் போய், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பி வருவார். அக்காவுக்குக் கட்டுப் பிரித்துத் தையல் மறுபடி தொடங்கியிருந்தது. "பிரசவ அறை வாசல்ல புருஷன்காரன் நடக்கிற மாதிரி நடக்கிறா. உள்ள இருக்கிறது ஒருத்தியா ரெண்டு பேரா, ஊர்ப்பட்ட வவ்வாலு" என்றார் என்னிடம்.

ஒப்பிட ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. பருவத்தில் ஒரு மாலை, வௌவால்கள் இரை தேடி வெளியே வரும்போது தொலைவிலிருந்து எண்ணுவது. அந்த எண்ணிக்கையை மேடம் வருஷா வருஷம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பிறகு சரிபார்க்க வேண்டும். அவர் எண்ண மாட்டேன் என்றுவிட்டார். "ஏறணும்னு ஆசைப்படுற கண்ணு. ஒண்ணை ரெண்டாப் பாக்கும்." ஆக நானும் அக்காவும். மாடித் தாழ்வாரத்தில், கையில் ஆளுக்கொரு அமுக்கி, அமுக்க அமுக்க எண் ஏறும். ஒரு வௌவாலுக்கு ஒரு அமுக்கு.

பொழுது சாய்ந்தது. விளக்குகள் எரிந்தன. சுரங்க வாயில் ஒரு அசைவும் இல்லை. வழக்கமாக வெளியே வரும் நேரம் தாண்டியது.

"காணோமே" என்றார் மேடம் பின்னாலிருந்து.

"வாயை மூடு. ஒண்ணுமே வரலைன்னாலும் அதையும் நான்தான் எண்ணணும்" என்றார் அக்கா.

முதல் வௌவால் வெளிச்சம் விழுகிற பக்கத்தை விட்டு, சுவரின் நிழலை ஒட்டித் தாழ்வாக நழுவியது. அடுத்தது அதன் பின்னால். பிறகு இரண்டு, மூன்று, ஒரு கொத்து. அக்காவின் கட்டைவிரல் தையல் இயந்திர வேகத்தில் ஓடியது. நான் கண் சிமிட்டாமல் பார்த்ததில் கண்ணீர் வழிந்தது. போன வருஷத்து எண்ணிக்கையை எட்டியபோது வாய் திறக்காமல் இடது கையை உயர்த்திக் காட்டினேன். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். அதற்குப் பிறகும் அவை வந்துகொண்டிருந்தன.

வௌவால்கள் வருவது சற்றுத் தளர்ந்தபோது அக்கா திரும்பாமலே கேட்டார்: "என்னடி, கூடியிருக்குல்ல? பேச்சைக் காணோம்."

"கூடியிருக்குக்கா."

"அப்புறம் என்ன?"

"நான் போகலைன்னா நல்லா இருக்குதுங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுரங்கத்திலிருந்து இன்னொரு கொத்து கிளம்பியது, விரல் அமுக்கியில் மறுபடி ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்து மேடத்தின் குரல், வேறு குரலாக, வழக்கமான அவசரத்தோடு வந்தது: "லேட்டா வருதுங்க, கவனிச்சீங்களா? சுவரோரமாவே போகுதுங்க. கடைசிக் கம்பத்துக்கு மட்டும் ஒரு மறைப்புப் போட்டா... விளக்கும் கொஞ்சம் பண்ணுது போல. வாசல்கிட்ட போய் நின்னு ஒரு தடவை பாத்தா..."

"போ, போய்ப் பாரு" என்றார் அக்கா. "இவ்வளவு நாள் கட்டிக் காத்ததை இன்னைக்கே போய்க் கலைச்சுட்டு வா."

மேடம் படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்க முடியாது, கண்ணை எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். ஓரக்கண்ணில் மட்டும், விளக்கு வெளிச்சத்தில் தெருவில் இறங்கியவர் ஒரு கணம் தயங்குவதும், பிறகு சுரங்கத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கமாக வேகவேகமாக நடந்து போவதும் தெரிந்தது.

"போறது எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டார்.

"எதிர்ப்பக்கம்தான்க்கா."

"சரி. எண்ணு."

நாங்கள் எண்ணினோம்.